பழைய அக்கவுண்டிலிருந்து புதியதற்கு

கேள்வி: விண்டோஸில் என் யூசர் அக்கவுண்ட் பழுதாகி, புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறேன். பழைய ஃபைல்கள், செட்டிங்குகள் எல்லாவற்றையும் கொண்டுவர முடியுமா?

பதில்: ஃபைல்கள் வந்துவிடும், செட்டிங்குகள் அரைகுறைதான். புதிய அக்கவுண்டில் ஒருமுறை லாகின் செய்து வெளியே வாருங்கள். அப்போதுதான் அதற்கான ஃபோல்டரே உருவாகும். பிறகு அட்மின் உரிமையுள்ள மூன்றாவது அக்கவுண்டில் நுழைந்து, சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரில் பழைய பெயருக்குள் இருக்கும் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஆகியவற்றைப் புதிய பெயருக்குள் காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள்: பழைய அனுமதிகளும் கூடவே வந்து, உங்கள் ஃபைலையே உங்களுக்குத் திறக்காமல் அடம்பிடிக்கும்.

‘என்டியூசர்’ (NTUSER) என்று தொடங்கும் ஃபைல்களில்தான் பழைய அக்கவுண்டின் செட்டிங்குகள் இருக்கும்; அவற்றைக் காப்பி செய்யவே வேண்டாம். பழுது அவற்றுக்குள்ளேயே இருக்கலாம்.

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய அக்கவுண்டின் சாவியால் பூட்டப்பட்டவை. ஃபோல்டரை காப்பி செய்தாலும் திறக்காது. பழைய அக்கவுண்ட் இன்னும் திறக்கிறதென்றால், உள்ளே போய் முதலில் அவற்றை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.