1989-க்கு முன் கல்யாணம் ஆன மகளுக்கு அப்பா நிலத்தில் பங்கு உண்டா?

கேள்வி: எனக்கு 1986-ல் திருமணம் ஆனது. அப்பா 2012-ல் காலமானார், அம்மா போன வருடம். கோபி பக்கம் தாத்தா வழி வந்த மூன்று ஏக்கர் இன்னும் பாகம் பிரிக்காமல் இருக்கிறது, உயிலும் இல்லை. "89-க்கு முன்னாடி கட்டிக் கொடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாது" என்கிறார்கள் அண்ணன்கள் இருவரும். பட்டா மாற்ற ஒரு கையெழுத்து போட்டால் போதும் என்று ஒரு புரோக்கர் வீட்டுக்கு வருகிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அண்ணன்கள் சொல்வது ஒரு காலத்தில் சட்டம்தான். தமிழ்நாட்டில் 25.3.1989-ல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு வந்தபோது, அதற்கு முன்பே திருமணமானவர்களை விட்டுவிட்டார்கள். ஆனால் 9.9.2005-ல் மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பாகுபாடு போய்விட்டது. 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இது மகளுக்குப் பிறப்பிலேயே வரும் உரிமை என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. கல்யாணத்துக்குப் போட்ட நகை, செய்த சீர் எதைச் சொன்னாலும் அது குறையாது.

இப்போது அந்தப் புரோக்கர். வாரிசு முறையில் பட்டா மாற்றுவது வருவாய்த் துறை வேலை, தாலுகா ஆபீஸோடு முடிந்துவிடும். உங்களைப் பத்திர ஆபீஸுக்குக் காரில் கூட்டிப்போய் போட்டோ எடுத்து விரல் ரேகை வைக்கச் சொன்னால், அது பட்டாவே இல்லை, விடுதலைப் பத்திரம் அல்லது பவர் பத்திரம். "முழு மனதுடன் என் பாகத்தை விட்டுக்கொடுக்கிறேன்" என்று நடுப்பக்கத்தில் ஒரு வரி இருக்கும், அதை யாரும் படித்துக் காட்ட மாட்டார்கள். பதிவான பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று நிரூபிப்பது உங்கள் தலையில்தான் விழும், அதற்கு எத்தனை வருடம் கோர்ட் படி ஏற வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். மகள்களை விட்டுவிட்டு வாங்கிய சான்றிதழ்கள் என் மேசைக்கு இன்றைக்கும் வருகின்றன, விசாரிக்க வேண்டியவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அதைக்கூடச் செய்வதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம். 20.12.2004-க்கு முன்பே அப்பாவும் அண்ணன்களும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்திருந்தாலோ, கோர்ட் தீர்ப்பின்படி பிரித்திருந்தாலோ, அதை இன்று கிளற முடியாது. பதிவு செய்ததா என்பதுதான் கேள்வி. "ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாய்மொழியாப் பிரிச்சுட்டோம்" என்று சொன்னால், அப்போதிருந்தே தனித்தனிப் பட்டா மாதிரி அரசு ஆவணம் எதுவும் இல்லாமல் நீதிமன்றம் அதை லேசில் ஏற்காது. வெள்ளைத்தாளில் பழைய தேதி போட்டு எழுதிக் கொண்டுவந்து காட்டுவார்கள், பயப்படாதீர்கள். சர்வே எண்ணை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பதிவான பத்திரம் இருந்தால் அதில் வரும்.

பிறகு அண்ணன்களிடம் பாகம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், தள்ளிப்போடாதீர்கள், வழக்குக்குக் காலவரம்பு உண்டு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கே யாராவது வருமானச் சான்று கேட்டால், பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது என்று சொல்லுங்கள்.