ஐஸ் பெட்டி மூடி: மூடினால் எழும்புகிறது, பாதியில் விழுகிறது

கேள்வி: காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறேன். கடையின் பெரிய ஐஸ் பெட்டி மூடி 18 கிலோ. கீலிலிருந்து கைப்பிடி வரை 80 செ.மீ. என் மனைவியால் தூக்க முடியவில்லை. பட்டறைக்காரர் கீல் தண்டில் ஒரு வட்டச் சக்கரம் பொருத்தி, கம்பிக் கயிறு சுற்றி, ஸ்பிரிங்கோடு இணைத்துக் கொடுத்தார். ஸ்பிரிங்கை இறுக்கினால் மூடி படியாமல் எழும்பி நிற்கிறது, விடிவதற்குள் ஐஸ் உருகிவிடுகிறது. தளர்த்தினால், பாதியில் கையை எடுத்ததும் மூடி விழுகிறது. இன்னும் பலமான ஸ்பிரிங் போடலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை, சக்கரத்தின் வட்டத்தில் இருக்கிறது.

மூடியின் எடை அதன் நடுவில், கீலிலிருந்து 40 செ.மீ. தள்ளி இறங்குகிறது. மூடிய நிலையில் கீலைத் திருப்பும் விசை 18 × 40 = 720 கிலோ-செ.மீ. 30 பாகை திறந்தால் 624, 45-இல் 509, 60-இல் 360. தொடக்கத்தில் மெல்லக் குறைந்து பிறகு மளமளவென்று சரிகிறது. ஸ்பிரிங் அப்படியல்ல, இழுபடும் நீளத்துக்கு ஏற்ற விசைதான் தரும். வட்டச் சக்கரத்தில் அது ஒரே சீராகக் குறையும். மூடிய நிலையில் 720-க்குச் சரிசெய்து, மூடி நிமிரும்போது தளரும்படி வைத்தால், 45 பாகையில் 360-தான் கிடைக்கும். மூடி கேட்பதோ 509. அதனால் விழுகிறது. 45-இல் சரியாகும்வரை இறுக்கினால், மூடும்போது 869 ஆகிவிடும். கைப்பிடியை ஏறக்குறைய 1.9 கிலோ விசை மேலே தள்ளும். பலமான ஸ்பிரிங் இந்த இரண்டில் ஒன்றைக் கூட்டுமே தவிர, இரண்டையும் தீர்க்காது.

தீர்வு, வட்டத்துக்குப் பதில் கேம், அதாவது விளிம்பு கீலிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாத சக்கரம். பழைய கப்பல் கடிகாரங்களிலும் இதே யோசனைதான்: ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும்போது சங்கிலி ஒரு கூம்பு வடிவச் சக்கரத்தின் குறுகிய பகுதியை இழுக்கும், தளரத் தளர அகன்ற பகுதிக்கு இறங்கும். கடலில் நேரம் பிசகாமல் இருக்க அது கைகொடுத்தது.

உங்கள் மூடிக்கு, இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு ஸ்பிரிங் போடுங்கள். ஒன்று அறுந்தாலும் மூடியின் முழு எடையும் விரல்மேல் விழாது. ஒவ்வொன்றும் செ.மீ.க்கு 4 கிலோ. மூடிய நிலையில் 15 செ.மீ. இழுபட்டு 60 கிலோ தரவேண்டும். அப்போது கயிற்றுக்கும் கீல் அச்சுக்கும் உள்ள தூரம் மூடிய நிலையில் 6 செ.மீ., 30 பாகையில் 6.7, 45-இல் 6.4, 60-இல் 5.4, 80-இல் 2.3. அச்சிலிருந்து கயிறு செல்லும் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்த தூரம் இது. கேமின் விளிம்புவரை அளந்தது அல்ல. பலரும் தவறுவது இங்கேதான். 80 பாகையில் ஒரு தடுப்பு வையுங்கள். மூடும் இடத்தில் மட்டும் 6-ஐ 5.3 ஆக்கினால், மூடி கைப்பிடியில் ஒரு கிலோ அளவுக்குத் தானே அழுந்தி ரப்பர் விளிம்பில் படியும்.

இந்தக் கணக்கெல்லாம் 18 கிலோ என்பது உண்மையானால்தான். மீன் நிறுக்கும் தொங்கு தராசைக் கைப்பிடியில் மாட்டி, ஸ்பிரிங்கைக் கழற்றிய மூடியை அதற்குச் செங்குத்தாக இழுத்துப் பாருங்கள். மூடி எழும்பத் தொடங்கும்போது 9 கிலோ காட்ட வேண்டும். 11 காட்டினால், உள்ளே இருக்கும் ஃபோம் பெரும்பாலும் தண்ணீர் குடித்திருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். கேமை முதலில் பிளைவுட்டில் அறுத்துச் சோதித்துவிட்டு, பிறகு நைலான் பலகையில் செய்யச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் அது துருப்பிடிக்காது.

ஸ்பிரிங் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 மலிவுதான், ஆனால் மீன் கடையின் உப்பில் அதில் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழும். மின்முலாம் பூசிய ஸ்பிரிங் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். முலாம் பூசும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் ஒருநாள் சொல்லாமல் முறியும். இரண்டு ஸ்பிரிங்கையும் குழாய்க்குள் வையுங்கள்.

கழற்றும்போது மூடியை முழுவதும் திறந்து, கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். திறந்த நிலையிலும் ஒவ்வொரு கயிற்றிலும் ஏறக்குறைய 28 கிலோ இழுவை மிச்சம் இருக்கும். முகத்தைக் கயிற்றின் நேருக்கு வைக்காமல், திருகாணியை மெல்லத் தளர்த்தி இழுவை முழுவதும் போன பிறகே கொக்கியைத் தொடுங்கள்.