தூதுவளைக்கு எந்த மருந்து அடிப்பது?

கேள்வி: மாடியில் தொட்டியில் தூதுவளை வைத்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு மாதமாக இலை ஓரம் கருகுகிறது, கொழுந்துத் தண்டில் பஞ்சு பஞ்சாக வெள்ளை. ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பு மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் தினமும் இரண்டு சொம்பு ஊற்றுகிறேன். செடி வாங்கிய கடையில் பூச்சிமருந்து ஒரு பாட்டில், வளர்ச்சி டானிக் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். எதை முதலில் அடிப்பது? பேரனுக்கு ரசம் வைக்க இலை வேண்டும்.
– மடிப்பாக்கம் வாசகி

பதில்: இரண்டையும் அடிக்காதீர்கள் அம்மா. காலையில் பறித்து மதியம் ரசத்தில் போடுகிற இலை இது. அதற்குப் போய்ப் பூச்சிமருந்து கொடுத்தவரை என்ன சொல்வது! டானிக் அவருடைய கல்லாவுக்குத்தான் வளர்ச்சி தரும்.

பஞ்சு போலத் தெரிவது மாவுப்பூச்சி. தூதுவளை கத்தரிக்காய்க்கு உறவு, அதனால் கத்தரிக்கு வரும் பூச்சிகள் பல இதற்கும் வரும். மோசமான நுனிகளை வெட்டி சோப்புத் தண்ணீரில் முக்கிப் போடுங்கள். மிச்சத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். முள் இலையடியிலும் இருக்கும், கை பத்திரம். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கலந்து, வாரம் ஒரு மாலை, மூன்று வாரம். தொட்டியில் எறும்பு ஏறினால் அதையும் தடுங்கள். பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும்.

நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது. இலை ஓரம் கருகுவதற்குப் பூச்சியைவிட அந்த இரண்டு சொம்பு மேல்தான் எனக்குச் சந்தேகம். மெஷின் நல்ல தண்ணீரை உங்கள் டம்ளருக்கு அனுப்பிவிட்டு, போர் தண்ணீரின் உப்பையெல்லாம் திரட்டிக் கழிவுக் குழாயில் விடுகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, பாருங்கள். நானும் ஒரு கோடையில் இதே சிக்கனத்தால் வல்லாரையைக் கொன்றவன்தான். அந்தத் தண்ணீரில் வாசல் கழுவுங்கள்.

கடையில் கலந்து கொடுத்தது முழுக்க கோகோபீட்டாக, அதாவது தேங்காய் நார்த்தூளாக, இருந்தால் பாதிப் பழி அதற்கு. அலசாத நார்த்தூளிலேயே உப்பு உண்டு. மேலே காய்ந்தது போல் இருக்கும், விரலை இரண்டு கணு உள்ளே விட்டால் சொதசொதவென்று இருக்கும். நாம் மேலே பார்த்துவிட்டு மறுபடி ஊற்றுவோம். ஐந்து கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் எழுபது லிட்டர் ஆகிறது. லாரியில் செம்மண் கொண்டுவர வேண்டாம், விற்பவருக்கு வேறென்ன சுகம் வேண்டும்? செம்மண் கனத்தை மாடி தாங்காது என்று பயமுறுத்துவார்கள். ஒரு தூதுவளைத் தொட்டிக்கெல்லாம் தளம் இறங்கிவிடாது. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. இதில் மாற்றி நடுங்கள். அடியில் துளை அடைத்திருக்கக் கூடாது. விரல் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்தால் மட்டும் தண்ணீர். 2003இல் சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழாய் இறக்கினோமே, மழை நாளில் அதிலிருந்து இரண்டு குடம் பிடித்துவைத்தால் இந்தச் செடிக்குப் பல நாள் வரும்.

பேரனுக்கு இந்த வாரம் கீரைக்காரம்மாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள். செடியில் பூச்சியில்லாத, பென்சில் கனத் தண்டு இரண்டை அரையடி நீளத்தில் நறுக்கி நிழலில் ஊன்றிவையுங்கள். தாய்ச்செடி போனாலும் இது துளிர்க்கும்.