பிள்ளைக்கு ஏற்ற வினாத்தாள்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

பிள்ளை சொல்லும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை இலேசாக்குவது அல்லது கடினமாக்குவது. தகவமைவுச் சோதனை என்பது இவ்வளவுதான். போன வாரம் இதைப் பற்றி இரண்டு வரி எழுதப்போய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் கணிதம் படிப்பித்து, பிறகு ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உப்புவெளி, ஒரு தாய்: சேர், என் மகனுக்கு ஒரு கேள்வி, பக்கத்துப் பிள்ளைக்கு வேறு கேள்வி. இது எப்படி நியாயமான பரீட்சை ஆகும்?

இல்ல விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தல் பார்த்திருப்பீர்கள் தங்கச்சி. ஒரு பிள்ளை 90 சென்ரிமீற்றரை மூன்று தரம் தாண்டுகிறது, இன்னொன்று 120ஐ மூன்று தரம் தாண்டுகிறது. இரண்டுக்கும் 3 புள்ளியா போடுவோம்? தாண்டிய உயரத்தைத்தானே எழுதுகிறோம். இங்கும் எத்தனை சரி என்பதோடு, எவ்வளவு கடினமான கேள்வியில் சரி என்பதும் கணக்கில் வரும். பிள்ளையின் திறனையும் கேள்வியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைக்கும் கணக்கை டென்மார்க்கின் கணிதவியலாளர் ஜோர்ஜ் ராஷ் 1960இல் நூலாக வெளியிட்டார். யோசனை இன்னும் பழையது. பாரிஸில் உளவியலாளர் அல்பிரட் பினே 1908இலேயே கேள்விகளை வயதுவாரியாக அடுக்கி வைத்துச் சோதித்தார்.

தம்பலகாமம், தமிழ் ஆசிரியை: பின்தங்கிய பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே நியாயம் செய்யுமா, இல்லை கணினி விற்கிறவர்களின் கதையா?

பாதிக்குப் பாதி, ரீச்சர். தரம் 7 தவணைப் பரீட்சையில் 8 புள்ளி எடுத்த பிள்ளையைப் பற்றி அந்த 8 என்ன சொல்கிறது? தெரியாது என்று மட்டும்தான். பின்னம் தெரியாதா, கழித்தலே தெரியாதா, கேள்வியை வாசிக்கவே முடியவில்லையா என்று சொல்லாது. 40 கேள்வியில் 30 அதற்கு எட்டாத உயரம். கேள்விகள் அந்தப் பிள்ளை நிற்கும் இடத்துக்கு இறங்கி வந்தால், அது எதைச் செய்யும் என்பது முதல் தடவையாகத் தெரியவரும். இந்த நன்மை உண்மையானது.

ஆனால் நியாயம் கணினிக்குள் இல்லை, கேள்விகளை எடுக்கும் தொகுப்பான கேள்வி வங்கிக்குள் இருக்கிறது. ஒரு வாசிப்புப் பகுதியில் 'மாரி மழையில் குளம் வான் பாய்ந்தது', அதாவது நிரம்பி வழிந்தது, என்று வருகிறது என்று வையுங்கள். உங்கள் வகுப்பில் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள் யோசிக்கவே மாட்டார்கள். நகரத்துப் பிள்ளை வானத்தை அண்ணாந்து பார்க்கும்! இரண்டும் ஒரே அளவு வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள்தான். அந்தக் கேள்வி அளந்தது வாசிப்பை அல்ல, ஊரை. பாகம் என்பது கடற்கரை ஊரில் ஆழம் அளக்கும் அளவு; நிலாவெளியில் 'இரண்டு பாகம் ஆழம்' என்று எழுதினால் உள்நாட்டுக் கந்தளாய்ப் பிள்ளைக்கு அதே கதி. தகவமைவுச் சோதனையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் தொடக்கத்தில் இப்படி ஒன்றில் சறுக்கிய பிள்ளையை இயந்திரம் இலேசான பக்கம் திருப்பிவிடும், கேள்விகள் குறைவாக இருந்தால் திரும்பி ஏற நேரமிராது. ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் முன்கூட்டியே சில நூறு பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஒரே திறனுள்ள இரண்டு கூட்டத்துக்கு அது வேறு வேறாக நடந்துகொள்கிறதா என்று பார்க்க வேண்டும். சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றிய கேள்வியின் கடினத்தையும் தமிழ்ப் பிள்ளைகளிடமே புதிதாக அளக்க வேண்டும்.

மூதூர், கணித ஆசிரியர்: எங்கள் பாடசாலையில் வேலை செய்கிற கணினி நான்குதான், கரண்டும் அடிக்கடி போகும். கடதாசியில் செய்யலாமா சேர்?

செய்யலாம் தம்பி, நானே செய்து கெடுத்துப் பிறகு திருத்தியிருக்கிறேன். முதலில் எல்லோருக்கும் 12 கேள்வி, 20 நிமிடம். அங்கேயே திருத்துங்கள். 0–4, 5–8, 9–12 என்று பிரித்து, இடைவேளைக்குப் பிறகு மூன்று வெவ்வேறு தாள் கொடுங்கள், ஒவ்வொன்றிலும் 15 கேள்வி. அடுத்தடுத்த இரண்டு தாள்களுக்கும் 5 கேள்வியாவது பொதுவாக இருக்கட்டும், அதுதான் தாள்களைக் கோர்க்கிற கயிறு. இலேசான தாளின் 12ஐயும் கடினமான தாளின் 12ஐயும் ஒரே பட்டியலில் எழுதி 1ஆம் பிள்ளை, 2ஆம் பிள்ளை என்று போட்டுவிடாதீர்கள்.

கெடுத்த கதை இது. முதல் தடவை மூன்று நிறத்தில் தாள் அடித்தேன். பத்து நிமிடத்தில் மஞ்சள் 'மொக்குத் தாள்' ஆகிவிட்டது. அடுத்த தடவை கெட்டித்தனமாகச் சூடை, பாரை, அறுக்குளா என்று மீன் பெயர் வைத்தேன். எந்த மீன் கிலோ என்ன விலை என்று இந்த ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்! இப்போது மூன்றும் ஒரே வெள்ளைத் தாள். மூலையில் சின்னப் புள்ளி ஒன்று மட்டும், எனக்குத் தெரிந்தால் போதும்.

உவர்மலை, ஒரு தகப்பன்: தரம் 5 புலமைப்பரிசிலையும் இப்படி மாற்றலாமே ஐயா?

இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். நாடு முழுவதும் ஒரே நாளில் இலட்சக்கணக்கான பிள்ளைகள், அளந்து வைத்த பெரிய கேள்வி வங்கி, எல்லாப் பாடசாலைக்கும் கருவி. அப்புறம், ஆளைத் தெரிவு செய்கிற பரீட்சையில் கேள்வி கசிந்தால் எல்லாம் போச்சு. அவுஸ்திரேலியாவின் நப்லான் என்ற தேசிய எழுத்தறிவு, எண்ணறிவுச் சோதனை 2018இல் இணையவழிக்கு மாறத் தொடங்கி, எல்லாப் பாடசாலைக்கும் வர 2022 ஆனது. அங்கும் கட்டுரை எழுதும் பகுதி தகவமைவில் இல்லை.

கிண்ணியா, விசேட கல்வி ஆசிரியை: பிரெயிலில் வாசிக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். இது அவளுக்கு உதவுமா?

பிள்ளைக்கு எட்டாத கேள்வியையும் மிக இலேசான கேள்வியையும் விட்டுவிடுவதால் இந்தச் சோதனையில் கேள்வி எண்ணிக்கை குறையும், அது அவளுக்குப் பெரிய ஆறுதல். கண்ணால் வாசிப்பதைவிடப் பிரெயிலுக்கு நேரம் கூடத் தேவை. ஆனால் வரைபடக் கேள்விகளை எல்லாம் நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்காதீர்கள். அப்போது அவளுடைய வங்கி சுருங்கி, சோதனை அவளுக்குப் பொருத்தமாக நகர முடியாமல் போகும். தொட்டுணரும் படமாக மாற்ற முடிந்ததை மாற்றுங்கள். கணிதக் கேள்வியை வாசித்துக் காட்டலாம். வாசிப்புச் சோதனையில் பகுதியை வாசித்துக் காட்டினால் அளப்பதே வேறாகிவிடும்.

நகரம், ஒரு தாய்: பாதிக் கேள்வி பிழைத்தது என்று மகள் அழுதாள்.

கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பாதி பிழைக்கும்படி கேள்விகள் ஏறிக்கொண்டே போகும், அதை முன்பே சொல்லிவைப்பது ஆசிரியரின் வேலை. சின்னப் பிள்ளைகளுக்கு 10இல் 7 சரியாக வரும் அளவில் கேள்விகளை வைக்கலாம். சோதனை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

நிலாவெளி, உயர்தர மாணவன்: திரும்பிப் போய் விடையைத் திருத்தலாமா?

கேள்விக்குக் கேள்வி மாறும் சோதனையில் பெரும்பாலும் முடியாது தம்பி. கட்டம் கட்டமாக மாறுவதில், அந்தக் கட்டம் முடியுமட்டும் திருத்தலாம். அடுத்த தாளைக் கையில் வாங்கிய பிறகு இல்லை.