அனுப்புநர் முகவரி இல்லாத கடிதம் என்ன ஆகும்?

கேள்வி: வாங்கி எட்டு மாதமே ஆன மிக்ஸி பழுதாகிவிட்டது. உத்தரவாதக் காலம் முடியாததால், தயாரித்த நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்குப் புகார்க் கடிதம் எழுதி, அசல் ரசீதையும் உத்தரவாத அட்டையையும் உள்ளே வைத்து, ஐந்து ரூபாய்த் தபால்தலை ஒட்டித் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டேன். உறையின்மேல் என் முகவரியை எழுதவில்லை. இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. கடிதம் போய்ச் சேராவிட்டால் எனக்குத் திரும்பி வருமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சாதாரணத் தபாலில் அனுப்புநர் முகவரி இல்லை என்பதற்காக அஞ்சலகம் கடிதத்தை ஒதுக்கிவிடுவதில்லை. பெறுநர் முகவரியும் பின்கோடும் சரியாக இருந்தால் அது போய்ச் சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

எனக்குக் கவலை தருவது எடைதான். ஐந்து ரூபாய்த் தபால்தலை 20 கிராம் வரைக்கும்தான் செல்லும். கடிதத்தோடு ரசீதும் தடித்த அட்டையும் சேர்ந்தால் அந்த அளவைத் தாண்டிவிடக்கூடும். அப்படித் தாண்டினால், குறைந்த தொகையைப் போல இரு மடங்கைப் பெறுநரிடம் வசூலிப்பது அஞ்சல் துறையின் நெடுங்கால வழக்கம். யார் அனுப்பியது என்று தெரியாத உறைக்குக் காசு கொடுக்கப் பல அலுவலகங்கள் மறுத்துவிடும். முகவரி இருந்தால் அந்த உறை உங்கள் வீட்டுக்கே திரும்பும். இல்லாவிட்டால், திரும்பிய கடிதங்களைக் கையாளும் தனி அலுவலகத்துக்குப் போகும். பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தில் உறையைப் பிரிக்கக் கூடாது. இந்த அலுவலகத்தில் அதற்கென நியமிக்கப்பட்டவர் மட்டுமே பிரித்து, உள்ளே அனுப்பியவரின் முகவரி இருக்கிறதா என்று பார்ப்பார். கடிதத்தின் தலைப்பில் உங்கள் முழு முகவரியை எழுதியிருந்தால், தாமதமானாலும் அது திரும்பி வரும் என்று நம்பலாம். உள்ளே வெறும் பெயரும் கையெழுத்தும் மட்டும் இருந்து, ரசீதில் கடையின் முகவரி மட்டுமே அச்சாகியிருந்தால், கடிதம் உங்களைத் தேடி வர வழியில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்திருந்தாலும் உங்களிடம் அதற்குச் சான்று இல்லை என்பது இதைவிடப் பெரிய குறை. சாதாரணக் கடிதத்தைத் தபாலில் சேர்த்ததற்கு முத்திரையிட்டுக் கொடுத்த சான்றிதழ் முறை 2011-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே, கடிதம் வரவில்லை என்று நிறுவனம் ஒரு வரியில் சொன்னால் உங்களால் மறுத்துக் காட்ட முடியாது. பணம் கொடுத்துப் பொருள் வாங்கியவர் இப்படி வெறுங்கையோடு நிற்க நேர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இனி காத்திருக்க வேண்டாம். கடைக்குச் சென்று, வாங்கிய தேதியையும் கைப்பேசி எண்ணையும் சொல்லி ரசீதின் நகலைக் கேளுங்கள். அட்டை வழியாகவோ யுபிஐ வழியாகவோ பணம் செலுத்தியிருந்தால் வங்கிக் கணக்குப் பதிவும் உதவும். முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டுப் புதிய கடிதம் எழுதி, இம்முறை நகல்களை மட்டும் இணைத்து, விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், அதே கவுன்ட்டரில் கூடுதல் கட்டணம் செலுத்திப் பதிவு வசதியையும் பட்டுவாடாச் சான்றையும் பெறலாம். அங்கே அனுப்புநர் முகவரியைக் கேட்டே பதிவு செய்வார்கள். உறையின் இடப்புறத்தில் கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, கைப்பேசி எண் ஆகியவற்றை நீங்களே தெளிவாக எழுதிக்கொண்டு போவது நல்லது.

அந்த உறை 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்புடன் திரும்பி வந்தால் மனம் தளர வேண்டாம். சரியான முகவரிக்குப் பதிவு செய்து அனுப்பியதைப் பெறுநர் வாங்க மறுத்தால், அது அவருக்குச் சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் பொதுவாகக் கொள்கின்றன. எனவே உறையைப் பிரிக்காமல், அஞ்சல் ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.