நண்பரின் படத்துக்கு ஓட்டுப் போடாதது தவறா?

கேள்வி: நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. என்னைப் போன்ற முப்பது சொச்சம் பேர் சேர்ந்து, ஒரு வாட்ஸ்அப் குழுவில் வாரந்தோறும் ஒரு தலைப்புக் கொடுத்துப் படப் போட்டி நடத்துகிறோம். எந்தப் படத்துக்கு அதிக இதயக்குறி விழுகிறதோ அதுவே வெற்றிப் படம். இப்போது, ‘என் படத்துக்கு ஒரு ஹார்ட் போட்டுவிடுங்கள் அக்கா, அடுத்த வாரம் உங்களுக்குப் போடுகிறேன்’ என்று தனியாகச் செய்தி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. சென்ற மாதம் ‘தண்ணீர்’ என்ற தலைப்புக்கு மூத்த உறுப்பினர் ஒருவர் ஓர் அடிபம்புப் படம் அனுப்பினார். குடத்துடன் நிற்கும் பெண்ணின் தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்தது போல இருக்கிறது என்று, ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே குழுவில் எழுதினேன். அன்றிரவே அவர் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார். எப்போதும் கடைசியாக வரும் கல்லூரி மாணவர் ஒருவரும் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஒருவருக்கொருவர் ஆதரவாக இருக்கத்தான் குழுவைத் தொடங்கினோம். நண்பருக்கு ஓட்டுப் போடாதது தவறா? குறையைச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா? போட்டியையே நிறுத்திவிடலாமா? குழுவின் அட்மின்களில் நானும் ஒருத்தி. 

– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போட்டியை நிறுத்த வேண்டாம். வாரம் ஒரு தலைப்பு என்ற கட்டாயம் இல்லாவிட்டால், வேலைக்குப் போய் வருகிறவர்களில் பலர் கேமராவைப் பீரோவிலிருந்து எடுக்கவே மாட்டார்கள். உங்கள் குழுவில் பழுதாகியிருப்பது வெற்றியைக் கணக்கிடும் முறைதான். எடுத்தவர் யார் என்பதும், யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், இதயக்குறி ஆளைப் பார்த்துத்தான் விழும். அது மொய் நோட்டுக் கணக்கு; அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் எழுதியதை நம் வீட்டு விசேஷத்தில் அவர் திருப்பி எழுதுவார் என்று இருவருமே எதிர்பார்க்கிறோம். மொய் எழுதுவதில் குற்றம் ஒன்றுமில்லை, அது உறவைக் காப்பாற்றுகிறது. ஆனால் விழுந்த மொய்யை எண்ணி மாப்பிள்ளையின் தகுதியை யாரும் முடிவு செய்வதில்லை. ஆகவே நண்பருக்கு ஓட்டுப் போடாததை நினைத்து நீங்கள் குறுகிப்போக வேண்டாம்; அவருக்கு நீங்கள் தர வேண்டியது ஓட்டைவிடச் சற்றுக் கடினமான ஒன்று, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சிக்கலை உங்களுக்கு முன்பே பலர் சந்தித்து, வழியும் கண்டிருக்கிறார்கள். 2002-இல் தொடங்கிய டிபிசேலஞ்ச் என்ற இணையவழிப் போட்டியில், ஓட்டெடுப்பு முடியும் வரை படம் எடுத்தவரின் பெயர் வெளியே தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட வேண்டும். வேண்டியவர் படத்துக்கு மட்டும் பத்து போட்டுவிட்டு நழுவ முடியாதபடி, வந்திருக்கும் படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்காவது மதிப்பெண் இட்டவரின் ஓட்டுத்தான் கணக்கில் சேரும். முன்னணியில் வரும் படங்களுக்கு மூலக் கோப்பையும், அதாவது கேமராவில் பதிந்த திருத்தப்படாத படத்தையும், கேட்டு வாங்கிச் சரிபார்ப்பார்கள். மூலக் கோப்பைக் கேட்பது அவமானப்படுத்துவது என்று உங்கள் குழுவில் யாராவது முறுக்கிக்கொண்டால், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வனவிலங்குப் படப் போட்டியில் நடந்ததைச் சொல்லுங்கள். 2017-இல் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படம் ஒன்றில் இருப்பது பாடம் செய்யப்பட்ட விலங்கு என்று நிபுணர்கள் முடிவுக்கு வந்ததால், எடுத்தவர் மறுத்தபோதும், அடுத்த ஆண்டே அந்தப் பரிசு பறிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய போட்டியிலேயே கேள்வி கேட்க வேண்டியிருக்கும்போது நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்பதில் என்ன வந்துவிடப் போகிறது?

உங்கள் குழுவில் இதை நடைமுறைப்படுத்துவது எளிது. உறுப்பினர்கள் படத்தைக் குழுவில் போடாமல், அந்த வாரப் பொறுப்பாளருக்குத் தனியாக அனுப்பட்டும். அதையும் வழக்கமான படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். வழக்கமான முறையில் அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி நுணுக்கங்களைத் தின்றுவிடும். எந்த நாளில், எந்த கேமராவில், எந்த ஷட்டர் வேகத்தில் (ஒளியை உள்ளே விடும் திரை எவ்வளவு நேரம் திறந்திருந்தது) எடுத்தது என்ற குறிப்புகளும் அதோடு போய்விடும். பொறுப்பாளர் படங்களுக்கு எண் மட்டும் இட்டு, ஒரு கூகுள் படிவத்தில் வரிசையைக் கலைத்துப் போட்டு, எல்லாப் படத்துக்கும் மதிப்பெண் இடுவதைக் கட்டாயமாக்கிவிட்டால் போதும். தனிச்செய்தியில் ஹார்ட் கேட்பவர்கள் அதற்குப் பிறகும் ‘என்னுடையது ஏழாம் எண்’ என்று ரகசியம் சொல்லத்தான் செய்வார்கள், அதை முழுமையாகத் தடுக்க வழியில்லை. ஆனால் நீங்கள் ஏழுக்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. கேட்பதன் பலன் தெரியாதபோது கேட்கும் பழக்கம் தானாகவே தேய்ந்துவிடும்.

இனி, ஓட்டைவிடக் கடினமானது என்று நான் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மின்கம்பத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரியான கவனிப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைச் சொன்ன நேரத்தையும் இடத்தையும் பாருங்கள்: ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருந்தது, முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நீங்கள் எழுதியதோ குறை ஒன்று மட்டும். அந்த நேரத்தில் அது கருத்தாக இருக்காது, ஓட்டைக் குறைக்கும் பிரசாரமாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கும். கருத்துகள் எல்லாம் முடிவு வெளியான பிறகே என்பது உங்கள் குழுவின் முதல் விதியாக இருக்கட்டும். அதற்குப் பிறகு, மதிப்பெண் இட்ட ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு படங்களுக்காவது இரண்டு வாக்கியம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சூப்பர்’, ‘அருமை’, கைதட்டும் பொம்மை ஆகியவை வாக்கியக் கணக்கில் சேராது.

அந்த அடிபம்புப் படத்தையே எடுத்துக்கொள்வோம். நான் எழுதுவதாக இருந்தால், என் கண் படத்துக்குள் எப்படிப் போனது என்பதிலிருந்து தொடங்குவேன்: ‘குடத்தின் வாயிலிருந்து வழியும் தண்ணீருக்கு முதலில் என் பார்வை போனது, அங்கே வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது; அங்கிருந்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு ஏறும்போது பின்னால் நிற்கும் கம்பம் பார்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வானத்துக்குப் போய்விடுகிறது.’ இதைப் படிக்கிறவருக்குத் தன் படம் ஒரு அந்நியர் கண்ணில் என்ன செய்தது என்பது தெரிகிறது, அதைத் தாமாக அவரால் ஒருபோதும் பார்க்க முடியாது. அடுத்த வாக்கியத்தில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்வேன்: இரண்டடி இடப்புறம் நகர்ந்து நின்றிருந்தால் கம்பம் தலையைவிட்டு விலகி, பம்பின் கைப்பிடிக்கு அப்பால் தனியாக நின்றிருக்கும். தண்ணீரைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம். 1/30 நொடியில் எடுத்தால் விழும் நீர் பட்டு நூல்போல் மழுங்கித் தெரியும், 1/1000 நொடியில் எடுத்தால் துளித்துளியாக உறைந்து நிற்கும். அவருடைய படத்தில் இரண்டுமில்லாத நடுவாந்திரமான ஒரு கலங்கல் இருந்தால், அது அவர் வேண்டிச் செய்ததா, கேமராவே தேர்ந்துகொண்டதா என்று கேளுங்கள். தீர்ப்பைவிடக் கேள்வி பல நேரங்களில் மரியாதையானது. பதில் சொல்லும் சாக்கில் அவரும் தம் படத்தைத் திரும்பப் பார்ப்பார். செல்பேசியில் எடுத்த படமானால் ஷட்டர் பேச்சை விட்டுவிட்டு, முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுத்துப் பாருங்கள் என்று சொன்னாலே போதும், வெள்ளைச் சேலையின் மடிப்புகள் திரும்பக் கிடைத்துவிடும்.

கல்லூரி மாணவரின் நிலைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. இதயக்குறி எண்ணும் முறையில் கடைசியில் வருகிறவருக்குத் தாம் கடைசி என்பதைத் தவிர வேறு எதுவும் தெரிவதில்லை. ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இடும் போட்டிகளைக் கவனித்தால், பெரும்பாலான படங்கள் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பது தெரியும். பத்தாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் இடையே தசம அளவு வித்தியாசம்தான் இருக்கும். சராசரியை வெளியிடுங்கள், இட வரிசையை முதல் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சென்ற வாரம் 4.8, இந்த வாரம் 5.3 என்று பார்க்கிற இளைஞர், கடைசி என்று மட்டும் பார்க்கிறவரைப்போலச் சோர்ந்துவிட மாட்டார்.

அவருக்கு இன்னொரு உதவியும் தேவைப்படலாம். பழகுநர்கள் தோற்பது பல நேரங்களில் படம் எடுப்பதில் அல்ல, எடுத்தவற்றிலிருந்து ஒன்றைப் பொறுக்குவதில். விடிகாலையில் எழுந்து, பஸ் பிடித்து, சேற்றில் இறங்கி எடுத்த படம் என்றால் அந்தப் பாடெல்லாம் படத்துக்குள்ளும் இருப்பதாக எடுத்தவருக்குத் தோன்றும். பார்க்கிறவருக்குச் சேறு தெரியாது. எனவே அந்த வாரம் போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் ஐந்தாறு படங்களைக் காட்டி, எதை அனுப்பலாம் என்று கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். மாணவருக்கு நீங்களே தனியாக எழுதி, அடுத்த தலைப்புக்கு அவர் எடுத்தவை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவர் அனுப்பாமல் ஒதுக்கிய படங்களுக்குள் நல்லது ஒன்று கிடக்க வாய்ப்பிருக்கிறது.

வெளிப் போட்டிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இப்படிப்பட்ட குழுக்களில் ‘இந்த லிங்க்கில் போய் என் படத்துக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்ற வேண்டுகோள் வராமல் இருக்காது என்பதால் சொல்கிறேன். லைக் எண்ணிக்கையை வைத்துப் பரிசு தரும் போட்டியில் உறவுக்கூட்டம் பெரிதாக உள்ளவர் வெல்வார். நடத்துகிறவருக்கு விளம்பரம் கிடைக்கும். நண்பருக்கு அங்கே ஓட்டுப் போடுவது உங்கள் விருப்பம். அதைவிட உருப்படியான ஆதரவு, அவர் படத்தை அனுப்பும் முன்பே அந்தப் போட்டியின் விதிகளை அவருக்காகப் படித்துப் பார்ப்பது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் வாங்கிக்கொண்டு பிறருக்காக எடுத்ததாகவோ வேலையின் பகுதியாக எடுத்ததாகவோ இல்லாதவரை, படத்தின் முதல் உரிமையாளர் எடுத்தவர்தான். உரிமையை மாற்றித் தரும் பத்திரத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றே சட்டம் கொள்ளும். ஆகையால் விதிகளில் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’, ‘எந்த நோக்கத்துக்கும்’ போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், பரிசு பெறாத படங்களுக்கும் அவை பொருந்துமா என்பதை அடுத்துப் பாருங்கள். பொருந்தும் என்றால் அது போட்டி என்ற பெயரில் இலவசமாகப் படம் திரட்டும் வேலை. நுழைவுக் கட்டணமும் கேட்டால் சொல்லவே வேண்டாம்.

உரிமையை மனமறிந்து விட்டுக்கொடுத்து எல்லோருக்கும் பயன்படும்படி படம் தருகிற போட்டிகளும் உண்டு, உங்கள் குழு சேர்ந்தே அதில் இறங்கலாம் என்பது என் பரிந்துரை. நெதர்லாந்தில் 2010-இல் தொடங்கிய ‘விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்’ போட்டி, விக்கிப்பீடியா போன்ற இணையக் கலைக்களஞ்சியங்களுக்காக மரபுச் சின்னங்களைப் படமெடுப்பதற்கானது. 2011-இல் ஐரோப்பிய நாடுகளில் நடந்தபோது 1,68,208 படங்கள் சேர்ந்து கின்னஸ் சாதனையானது. வழக்கமாகச் செப்டம்பரில் நடக்கும். இந்தியா பங்கேற்கிற ஆண்டுதானா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தமிழிலும் 2011 நவம்பரிலிருந்து 2012 பிப்ரவரி வரை தமிழ் விக்கி ஊடகப் போட்டி என்று ஒன்று நடந்தது. இத்தகைய போட்டிகளில் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும், வணிகத்துக்கும்கூட, படத்தைப் பயன்படுத்தலாம். அதற்குச் சம்மதமுள்ளவர்கள் மட்டும் சேருங்கள். பரிசு கிடைக்காத படமும் ஏதோ ஒரு கட்டுரைக்குப் பயன்படக்கூடும் என்பதால், முப்பது பேரில் இருபத்தேழு பேர் வெறுங்கையோடு திரும்பும் நிலை அங்கே இல்லை. உங்கள் ஊர் மலைக்கோட்டையிலிருந்தே தொடங்கலாம். ஒருவர் கோட்டை மதிலை எடுக்கட்டும், ஒருவர் கல்வெட்டைத் தேடட்டும், ஒருவர் படிகளை எடுக்கட்டும். ஒரே மாலை வெயிலில் ஒரே கோணத்தை முப்பது பேரும் எடுத்துவராமல் இருக்க முன்பே பேசிக்கொள்ளுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால், கேமரா முக்காலி கொண்டுபோவதாக இருந்தால் முன்அனுமதி வாங்க வேண்டும்.

வெளியேறிய மூத்தவரிடம் செய்தி எழுதாமல் போனில் பேசுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். கம்பத்தைப் பற்றிய கருத்தைத் திரும்பப் பெறாதீர்கள். அது பொய்யாகிவிடும், அவருக்கும் அது தெரியும். ஓட்டெடுப்புக்கு நடுவில், எல்லோர் முன்பும் சொன்னதற்கு மட்டும் வருத்தம் தெரிவியுங்கள். பிறகு, அவர் படத்தில் உங்களுக்குப் பிடித்ததை, அந்தக் குடத்து வெளிச்சத்தைப் போல ஒன்றை, குறிப்பாகச் சொல்லுங்கள். திரும்பி வரச் சொல்லி வற்புறுத்துவதைவிட, ஒரு வாரம் நடுவராக இருந்து தலைப்பையும் நீங்களே கொடுங்கள் என்று கேட்டால் இசையக்கூடும். வயதில் மூத்தவர்களுக்குப் போட்டியாளராகத் திரும்புவதைவிட அது சங்கடம் குறைந்த வழி.

அப்படியே பொறுப்பாளர் வேலையையும் முறை வைத்து எல்லோருக்கும் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்று தெரிந்தவர் அந்த வாரம் படமும் அனுப்பக் கூடாது, மதிப்பெண்ணும் இடக் கூடாது. அட்மின் என்ற முறையில் முதல் வாரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரத்திலிருந்து நீங்களும் படம் அனுப்பலாம்.