திருமங்கலத்திலிருந்து எழுதிய தந்தைக்கு: மதுரையில் கோயிலை விட்டால் என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டுச் சுற்றுலாப் படிப்புக்குப் போக வேண்டும் என்கிறாள். பத்தாம் வகுப்பு முடித்த மகனோ புத்தகத்தைத் தொடுவதைவிட உங்கள் வண்டியைப் பிரித்து மாட்டுவதிலேயே நாளைக் கழிக்கிறான். "ஊர் சுற்றிக் காட்டுவதற்கும் ஒரு படிப்பா?" என்று மைத்துனர் கேட்டதிலிருந்து தூக்கம் போய்விட்டது என்றும், இருவரையும் சென்னைக்கோ கோவைக்கோ அனுப்பிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் இறுதியில் போகிற போக்கில் எழுதிய வரி ஒன்று உண்டு: "மதுரையில் கோயிலை விட்டால் என்ன இருக்கிறது?" இரண்டு பிள்ளைகளுக்குமான விடை அந்த வரிக்குள்தான் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் கதை சிக்கலில்லாதது.

மதுரையைத் தொழில் நகரம் என்று சொன்னால் கோவைக்காரர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் பெரியவர்கள் இன்றும் ஹார்வி மில் என்றே குறிப்பிடும் மதுரா மில்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கே நூல் நூற்கத் தொடங்கிவிட்டது. 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். பேருந்து ஓடினால் உதிரிபாகம் வேண்டும், டயர் தேய்ந்தால் மாற்ற வேண்டும், எஞ்சினில் எண்ணெய் கசியாமல் அடைக்க வேண்டும். இப்படி ஒரு தேவை இன்னொரு தொழிலை இழுத்து வந்ததால்தான், ஒரு ரப்பர் மரம்கூட இல்லாத இந்த ஊர் ரப்பர் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இருசக்கர வாகன டயர், கோச்சடையில் எந்திரங்களுக்கான வி-பெல்ட், புதூர் தொழிற்பேட்டையிலும் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள கப்பலூர் தொழிற்பேட்டையிலும் சிறு சிறு பட்டறைகள் என்று இந்தத் தொழில் பரவிக் கிடக்கிறது. வீட்டு வாசலில் வண்டியைப் பிரிக்கும் பையன் இந்தத் தொழிலின் பிள்ளை. அவனைப் பதினொன்றாம் வகுப்பில் முதல் பிரிவில் சேர்த்து, கூடவே நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கும் பணம் கட்டுவது அவனுக்கும் தண்டனை, உங்களுக்கும் தண்டனை.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு இயந்திரவியல் பட்டயம் படித்தால், பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். எனவே "டிகிரி இல்லாமல் போய்விடுமே" என்ற அச்சத்துக்கு இடமில்லை. மதுரையில் அரசின் தமிழ்நாடு பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே கிடைக்காவிட்டால் ஒன்றிய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான சிப்பெட்டின் மதுரை மையத்தையும் விசாரியுங்கள். அச்சு செய்வதும், அதில் ரப்பரையோ பிளாஸ்டிக்கையோ சூடாக்கி வார்ப்பதும் தெரிந்த பையன்களைப் பட்டறைக்காரர்கள் தேடித் திரிகிறார்கள். படிப்பு முடிந்ததும் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சியை மட்டும் தட்டிக் கழிக்க வேண்டாம். உதவித்தொகை குறைவுதான். ஆயினும் தொழிற்சாலையின் ஷிப்ட், பாதுகாப்பு விதி, மேற்பார்வையாளரின் கண்டிப்பு ஆகியவற்றுக்கு உடம்பும் மனமும் பழகும் இடம் அதுவே.

இனி மகள். இங்கே நான் சற்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

மதுரைக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் என்று எண்ணுவதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. கார்த்திகை பிறந்தால் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் சபரிமலைக்குப் போகும் சாமிமார் வழியில் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டுச் செல்கிறார்கள். வடநாட்டுக் குடும்பங்கள் இராமேஸ்வரம், மதுரை, கன்னியாகுமரி என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டுத் திரும்புகின்றன. ஐப்பசி முதல் மாசி வரை வெளிநாட்டவர், குறிப்பாகப் பிரெஞ்சுக்காரர்கள், செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகும் வழியில் இங்கே ஓரிரு இரவு தங்குகிறார்கள். தை பிறந்ததும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு ஒரு கூட்டம். சித்திரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது வரும் கூட்டத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் யாருடைய கணக்கிலும் வராத இன்னொரு கூட்டமும் உண்டு. மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் காட்டுவதற்காகக் கேரளத்திலிருந்தும் தென்மாவட்டங்கள் முழுவதிலிருந்தும் துணையாள்களோடு வருபவர்கள். அவர்களும் அறை எடுக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், திரும்பும் ரயிலுக்கு முன் கோயிலுக்கும் போகிறார்கள்.

இந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேண்டிய ஆள் வேறு. சபரிமலைக் கூட்டத்துக்குத் தெலுங்கும் கன்னடமும் பேசும் டிராவல்ஸ்காரர் வேண்டும். வடநாட்டுக் குடும்பத்துக்கு இந்தி தெரிந்த வரவேற்பாளரும், காலையில் ரொட்டி கிடைக்கும் இடத்தைச் சொல்பவரும் வேண்டும். பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சிற்பத்தை விளக்கும் கைடு வேண்டும். கண் காட்ட வந்தவருக்கோ மலிவான, சுத்தமான, படி ஏறத் தேவையில்லாத அறை வேண்டும். 'சுற்றுலா படிக்கிறேன்' என்று உங்கள் மகள் சொல்லும்போது இவர்களில் யாரை மனத்தில் வைத்துச் சொல்கிறாள் என்று நீங்கள் கேட்டீர்களா? பெரும்பாலான பிள்ளைகள் விமான நிலையத்தில் கழுத்துத் துணி கட்டிய பெண்ணின் படத்தை நினைத்துத்தான் சொல்கிறார்கள். அதில் குற்றமில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி மூன்றாண்டுக் கட்டணம் கட்டக் கூடாது.

வேலையின் உள்ளே எட்டிப் பார்த்தால் சில செய்திகள் தெரியும். மீனாட்சி கோயில் நடு மதியம் நடை சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். அந்த மூன்றரை மணி நேரத்தில் விருந்தினரை என்ன செய்வது என்பதுதான் மதுரை கைடின் உண்மையான தேர்வு. 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துப் போவார். இராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவார். காந்தி மேலாடையைத் துறந்து நாலு முழ வேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று இந்த ஊரின் மேலமாசி வீதியில்தான் என்பதைச் சொல்லத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கிடைக்கும் மரியாதையில் வேறுபாடு உண்டு. கோயிலுக்குள் கைப்பேசி அனுமதி கிடையாது என்பதால், அங்கே விருந்தினர் எதையும் தேடிப் படிக்க முடியாது; கைடின் வாய்ச்சொல்தான் அவர்களுக்கு எல்லாம். எல்லாத் தகவலும் கைப்பேசியில் கிடைக்கும் இக்காலத்தில் இந்தத் தொழிலுக்கு இப்படி ஒரு காவல் அமைந்தது வேடிக்கைதான்.

அடுத்தது, யாரும் அழைத்துப் போகாத இடங்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் இருக்கும் கீழடிக்கு 2023-இல் அருங்காட்சியகம் திறந்த பிறகு பள்ளிப் பேருந்துகள் வரிசையாகப் போகின்றன. ஆனால் நெடுஞ்செழியன் பெயர் வெட்டப்பட்ட மாங்குளம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டை நேரில் பார்த்த மதுரைக்காரர்கள் எத்தனை பேர்? கீழக்குயில்குடியின் சமணர் மலை, 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, பொம்மை செய்யும் விளாச்சேரி, முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் சுங்குடிச் சேலைக்காரர்கள், விடியுமுன் மல்லிகை எடை போடும் மாட்டுத்தாவணிப் பூச்சந்தை ஆகிய இவற்றையெல்லாம் ஒரு நாள் பயணமாகக் கோத்துத் தரும் ஆள்கள் மிகக் குறைவு. சுங்குடிக்கு 2005-இலும் மதுரை மல்லிக்கு 2013-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததால் மட்டும் விருந்தினர் வந்துவிடவில்லை, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுபவர் இருந்தால்தான் வருகிறார்கள். உங்கள் மகளுக்கு இந்தத் துறையில் இடம் உண்டென்றால், என் கணிப்பில் அது இங்கேதான் இருக்கிறது. மதுரையின் பழைய குறை, வருபவர் ஒரே இரவில் கிளம்பிவிடுவது. அவரை இரண்டாம் நாளும் தங்கவைக்கத் தெரிந்தவருக்கு லாட்ஜ்காரரும் வண்டிக்காரரும் கடைக்காரரும் கடமைப்படுவார்கள்.

கசப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கச் சம்பளம் குறைவு. மைத்துனரின் மகன் கணினி நிறுவனத்தில் முதல் மாதம் வாங்கியதோடு ஒப்பிட்டால் வருத்தம்தான் மிஞ்சும். ஆனி, ஆடி மாதங்களில் கைடுகளுக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கும் வேலை மெலிந்துவிடும். 2020-இல் கொரோனா வந்தபோது இந்தத் தொழில் முழுவதும் ஒரே நாளில் நின்றது. நான் அறிந்த நல்ல கைடு ஒருவர் அந்த ஆண்டு காய்கறி வண்டி தள்ளினார். பெரிய ஓட்டல்களில் இரவு ஷிப்ட் உண்டு. பெண் பிள்ளையைப் பெற்றவர் என்ற முறையில் நீங்கள் கேட்க வேண்டியது, "வேலை கௌரவமானதா?" என்பதை அல்ல, கௌரவத்துக்குக் குறைவில்லை. இரவு ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குக் கொண்டுவிட வண்டி உண்டா, புகார் சொல்ல உள்ளே குழு இருக்கிறதா, பயிற்சிக் காலம் எத்தனை மாதம் என்பவற்றைக் கேளுங்கள்.

இதனால்தான் வணிகவியல் படித்த உங்கள் மகளுக்கு 'சுற்றுலா' என்று பெயரிட்ட இளநிலைப் பட்டத்தை நான் முதலில் பரிந்துரைக்கவில்லை. மதுரையிலேயே நல்ல கல்லூரி ஒன்றில் பி.காம். சேரட்டும், அல்லது வரலாற்றில் உண்மையான ஆர்வம் இருந்தால் பி.ஏ. வரலாறு சேரட்டும். மூன்றாண்டுகளில் இந்தியோ பிரெஞ்சோ ஒரு மொழியைப் பேசும் அளவுக்குக் கற்கட்டும். ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் நடத்தும் சுற்றுலா உதவியாளருக்கான இணையவழிச் சான்றிதழ்ப் பயிற்சியைப் படித்துக்கொண்டே முடிக்கலாம். பிறகும் ஆசை குறையவில்லை என்றால், சுற்றுலா மேலாண்மையில் முதுநிலைப் படிப்புக்கு நெல்லூரில் மையம் வைத்திருக்கும் இந்தியச் சுற்றுலாப் பயண மேலாண்மை நிறுவனத்தை நாடலாம். ஓட்டல் மேலாண்மைதான் வேண்டுமென்றால் அதற்குரிய தேசிய நுழைவுத் தேர்வை எழுதிச் சென்னை தரமணியிலோ திருச்சி துவாக்குடியிலோ உள்ள அரசு நிறுவனங்களில் சேர முயலட்டும். கணக்குத் தெரிந்த வரவேற்பாளர் மேலாளர் ஆவதையும், கணக்குத் தெரியாத திறமைசாலி பல ஆண்டுகள் வரவேற்பு மேசையிலேயே நிற்பதையும் நான் மாறி மாறிப் பார்த்து வருகிறேன். சுற்றுலா படுத்துவிட்டாலும் பி.காம். பட்டம் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்திலாவது சோறு போடும்.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வண்ண அட்டையில் வந்த விளம்பரக் கையேட்டையும் 'நூறு சதவீத வேலை' என்ற உறுதியையும் நம்பி, ஒரு பெண்ணைத் தனியார் கேட்டரிங் கல்லூரி ஒன்றில் சேரச் சொன்னேன். அவர்கள் தந்த சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்கவில்லை என்பது ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து நான் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசுத் துறை என்று எழுத்தில் வாங்குங்கள், சென்ற ஆண்டு படித்து முடித்தவர்களில் மூவரிடமாவது நீங்களே பேசுங்கள், கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்.

சென்னைக்கு அனுப்புவது பற்றி: தேவையென்றால் அனுப்பலாம், தவறில்லை. ஆனால் சுற்றுலாவுக்காகச் சென்னை போவது, தண்ணீருக்காக வைகை அணையை விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போவது போலத்தான். இராமேஸ்வரம், கொடைக்கானல், செட்டிநாடு, தேக்கடி என்று நான்கு திசைப் பயணத்துக்கும் மதுரையே நடுவாக இருக்கிறது. பிற்காலத்தில் அவள் சொந்தமாக ஒரு டிராவல்ஸ் வைக்க நினைத்தாலும் ஊரில் ஓட்டுநர்களையும் லாட்ஜ்காரர்களையும் அறிந்திருப்பதே முதலாகும்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். இந்தச் சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு மூன்றரை மணிக்கே வந்து, நடை திறக்கும் வரை கோயிலின் கிழக்குக் கோபுர வாசல் பக்கம் இருங்கள். யார் யார் என்ன மொழியில் என்ன கேட்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள் என்று அவள் குறித்துக்கொள்ளட்டும். முடிந்தால் ஒரு கைடிடம் பேசிப் பார்க்கட்டும். அதே வாரத்தில் மகனைக் கப்பலூரில் தெரிந்தவர் பட்டறை ஒன்றில் ஒரு நாள் முழுவதும் நிற்கவையுங்கள். மாலையில் கால் வலிக்கிறது என்கிறானா, நாளைக்கும் போகலாமா என்கிறானா என்று கவனியுங்கள். அதன் பிறகு இருவரின் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பாலிடெக்னிக், கல்லூரி விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் காத்திருக்காது என்பதால் பத்து நாளுக்குள் வந்துவிட்டால் நல்லது. வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள், குறிப்பேடு அவள் கையிலேயே இருக்கட்டும். அன்று முதலில் அவளைப் பேசவிடுவோம்.